தானாய் மாறிய பக்கமும் நாத்தனார் கட்டிய பிராதும்

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகிறது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவள், கோர்வையாக எழுத வருமா என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், இதில் வருகிறவர் என் கணவரின் கூடப்பிறந்த அக்கா. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர். அவர் மனம் நோகும்படி எழுதிவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு அவர் வாசலில் போய் நிற்பது?

கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டேன். "எழுதேன். நான் பண்ணதையும் சேர்த்தே எழுது. பேரு மட்டும் போட்டுடாத, பால்காரம்மா படிச்சிச்சுன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டு வரும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விருத்தாசலம். இங்கே பீங்கான் பொம்மை செய்கிற வீடுகள் நிறைய. என் நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். அண்ணி சூளையிலிருந்து சுட்ட பொம்மைகளை வாங்கி வந்து வீட்டிலேயே வர்ணம் அடித்து விற்பார். பிள்ளையார், தவில்காரர், கொலுவுக்கான செட்டு என்று எல்லாம் உண்டு. உடம்பு, துணி, நகை எல்லாவற்றுக்கும் அண்ணி வர்ணம் அடிப்பார். கண் எழுதுவது மட்டும் என் வேலை. அதைக் கடைசியாகத்தான் செய்வோம். குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுவேன். அதுவரை பொம்மைகள் கண்ணில்லாமல் வரிசையாக நிற்கும்.

அவர் மகள் ஒரு லீவில் வந்தபோது பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, பொம்மைகளைப் போட்டோ எடுத்து, வெளியூர்க்காரர்கள் ஆர்டர் போடுகிற மாதிரி ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால், மூடியைத் திறந்து, திரையில் தெரிகிற ஒரு வண்ண உருண்டையை அமுக்கினால் நேராக எங்கள் பொம்மைக் கடைப் பக்கமே வரும்படி வைத்துவிட்டாள். எழுத்து எல்லாம் தமிழில், பெரிது பெரிதாக. அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது ஆர்டர் வந்தால் கோயில் மணி மாதிரி 'டிங்' என்று சத்தம் வரும்.

எங்களுக்கு அந்தச் சத்தம்தான் எல்லாம். வர்ணக் கையோடு கம்ப்யூட்டரைத் தொட முடியாது. அதனால் காலையில் நான் போய்த் திறந்து வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்துவிடுவேன். டிங் என்றால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து பார்ப்போம். டிங் இல்லை என்றால் ஆர்டர் இல்லை. இப்படியே இரண்டு கொலு சீசன் நன்றாகப் போனது.

அந்த வருடம் ஆடி மாதம். ஒரு நாள் காலையில் நான் திறந்தபோது நடுவில் ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்டது. 'அப்டேட்' என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. நீலமாக இருந்த பட்டனை அமுக்கினேன். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. அப்புறம் வந்தது எங்கள் கடைப் பக்கம் இல்லை. பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து, ஏதேதோ செய்தி, ஓரத்தில் விளம்பரம்.

"அண்ணி, என்னமோ கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன். அதுலேர்ந்து மொகப்பு வேற மாதிரி வருது."

"வந்தா வந்துட்டுப் போவுது வுடு. டிங்குன்னா அடிக்கப்போவுது. நீ வந்து இந்த முருகனுக்குக் கண்ணு எழுது."

அதோடு அதை மறந்துபோனோம். ஆடி போய் ஆவணி வந்தது. டிங் மட்டும் வரவே இல்லை. "இந்த வருசம் ஜனங்க கையில காசு பொழக்கமே இல்லபோல" என்று அண்ணி சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் கொலுவுக்கு எப்படியும் கேட்டு வருவார்கள் என்ற நம்பிக்கையில் பொம்மைகளை வாங்கி வாங்கி வர்ணம் அடித்துக்கொண்டே இருந்தோம். கூடம் முழுக்க பொம்மை. காலை ஊன்ற இடமில்லை.

அப்போதுதான் இரண்டு வருடமாகத் தவறாமல் வாங்குகிற ஒரு வெளியூர்க் கடைக்காரர் அண்ணிக்குப் போன் செய்தார். "என்னம்மா, வியாபாரத்தை விட்டுட்டீங்களா? பெரிய ஆர்டர் போட்டேன், திரும்பத் திரும்ப எழுதினேன், பதிலே காணோம். உங்க ஊர்லயே வேற ஒருத்தர்கிட்ட வாங்கிட்டேன்."

அந்த வேறு ஒருத்தர் யார் என்று கேட்டபோது அவர் சொன்னது என் தம்பியின் பெயரை.

என் தம்பியும் இதே ஊரில் பொம்மை வியாபாரம்தான் செய்கிறான். அந்தக் கடைக்காரர் இணையத்தில் தேடியபோது இவன் கண்ணில் பட்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அண்ணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஒருவரை அண்ணி கூட்டிவந்தார். அவர் ஐந்தாறு இடத்தில் தட்டினார். கடைப் பக்கம் வந்துவிட்டது, எழுத்து பெரிதானது, சத்தமும் வந்தது. பார்க்காமல் போன ஆர்டர்கள் வரிசையாக இருந்தன. எல்லாமே கை தவறிப் போனவை. எழுந்து போகும்போது அந்த மனிதர், "யாரோ செட்டிங்கை மாத்தி வச்சிருக்காங்கம்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

யாரோ. அந்த வீட்டில் லேப்டாப்பைத் திறப்பவள் நான் ஒருத்திதான்.

"நீதானே அன்னிக்கு எதையோ அமுக்கினேன்ன?"

"ஆமா அண்ணி. அதை நாந்தானே வந்து சொன்னேன்."

"சொல்லுவ. அமுக்கிட்டுச் சொல்லுவ. இங்க வர ஆர்டரை உன் பொறந்த வூட்டுக்குத் திருப்பி வுட்டதைச் சொன்னியா?"

அழுதால் தப்பு செய்தவள் என்பார். அழாமல் நின்றால் கல்நெஞ்சக்காரி என்பார். பேசாமல் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். கூடத்தில் அத்தனை பொம்மையும் கண்ணில்லாமல் நின்றது.

மறுநாள் அண்ணி காலையிலேயே எங்கோ போய், நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்தார். வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்துட்டேன். பேரு போட்டே கட்டியிருக்கேன். இனிமே அவரு பாத்துப்பாரு."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். முருகன்தான், ஆனால் உருவம் இல்லாமல் கல்லாக நிற்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கிற மாதிரி, நமக்கு அநியாயம் நடந்தால் அவருக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் பிராது என்று பெயர். அதைச் சாமி காலடியில் வைத்து, விபூதியோடு பொட்டலமாக மடித்துத் தருவார்கள். வெளியே முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். சாமி விசாரித்துச் சில மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்வார் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். அதை ராஜினாமா என்பார்கள். இந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்குப் பயப்படாதவர்கள்கூட அந்தப் பொட்டலத்துக்குப் பயப்படுவார்கள்.

நான் சிறு வயதிலிருந்து கும்பிடுகிற சாமியின் முன்னால் என் பெயர் குற்றவாளியாகத் தொங்குகிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கணவர் சூளையில் வேலை செய்கிறவர். சாயந்திரம் மண்ணும் புழுதியுமாக வந்து உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது என்கூடப் பொறந்தது. நீ என்னை நம்பி வந்தவ. நடுவுல அந்தப் பொட்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல" என்றார்.

"நீங்க என்னை நம்புறீங்களா இல்லையா?"

"நம்பலன்னா இந்த வூட்டுல உக்காந்து டீ குடிப்பேனா? ஆனா அதுகிட்டப் போயி சண்டை போடச் சொல்லாத. மச்சான் போன அன்னிக்கு அது அழுத அழுகையை நான் பாத்திருக்கேன்."

அதற்கு மேல் நான் அவரை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பால் ஊற்ற வந்த பால்காரம்மா சும்மா இருக்கவில்லை. "நீ ஏன் வாயை மூடிக்கினு கெடக்கிற? நீயும் போயி ஒரு பிராது கட்டு. ரெண்டும் எதிர்த்தாப்புல தொங்கட்டும். சாமி பாத்து யாரைக் கேக்கணுமோ கேக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி மணவாளநல்லூர் போனேன். உண்மையைச் சொல்கிறேன், பிராது கட்டுகிற எண்ணத்தோடுதான் போனேன். ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது என்ன எழுதுவது என்று தெரியவில்லை. புருஷன் இல்லாமல், யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்கிற ஒரு மனுஷி மேல் தண்டனை கேட்டு எழுதவா? அந்த வியாபாரம் நின்றுபோனால் அவர் மகள் வீட்டுக்குப் போய்த்தான் இருக்க வேண்டும். "எனக்குன்னு ஒரு வூடு, எனக்குன்னு ஒரு வேலை, அதை வுட்டுட்டு மாப்பிள்ளை வூட்டுல போயி ஒக்காரமாட்டேன்" என்று எத்தனை தடவை என்னிடமே சொல்லியிருக்கிறார்! நடந்ததை மகளிடம் அவர் சொல்லாமல் இருந்ததும் அதனால்தான். சொன்னால் மகள், போதும் வாம்மா என்று கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

காகிதம் வாங்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, "சாமி, அண்ணி குடுத்த பிராதை நல்லா விசாரிங்க. அது ஒண்ணு போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கூடப் போனேன். அத்தனை நாளுக்குப் பிறகு வந்த தூக்கம் அது.

அண்ணி இப்போது லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். காலையில் தானே திறந்து வைப்பார். பொழுது சாய்ந்ததும் பூட்டுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு பீரோ கதவு திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்கும். எப்போதாவது ஒரு டிங் கேட்கும். கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். கண் எழுத மட்டும் ஆளில்லை. அண்ணிக்கு அவ்வளவு மெல்லிய கோடு வராது. அவர் எழுதிய கண் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்விட்டது என்று என் கணவர் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஒரு நாள் காலை, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல்.

"ஏம்மா... இங்க வா. சீக்கிரம் வா!"

இத்தனை நாள் பேசாதவர் கூப்பிடுகிறாரே, விழுந்துகிழுந்து விட்டாரோ என்று அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். பீரோ கதவு திறந்து கிடந்தது. லேப்டாப் மேசை மேல் இருந்தது. அண்ணி அதிலிருந்து இரண்டடி தள்ளி, பாம்பைக் கண்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"எதையும் தொடாத. பாரு மட்டும்."

பார்த்தேன். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. அப்புறம் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து, ஏதேதோ செய்தி, ஓரத்தில் விளம்பரம். ஆடி மாதம் நான் பார்த்த அதே பக்கம்.

"நேத்து நல்லா இருந்துச்சு. நாந்தான் மூடினேன். நாந்தான் பூட்டினேன். இப்பத் தொறந்தேன், உருண்டையை அமுக்கினேன். கட்டம் எதுவும் கேக்கக்கூட இல்ல, அதுவே சுத்திச்சு..." என்றவர் இடுப்பில் கை வைத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கேயேதான் இருந்தது.

பிறகு அண்ணி தானாகவே மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். இத்தனை நாள் மறைத்ததை எல்லாம் முதலில் இருந்து சொன்னார், என் மேல் பழி போட்டது உட்பட.

"அம்மா, அப்டேட் வந்தா சில சமயம் நாம வச்ச செட்டிங் எல்லாம் போயி, அது பழையபடி ஆயிடும்மா. அது தானா நடக்கிறது. அத்தை அமுக்காட்டியும் என்னிக்காவது ஆயிருக்கும். ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா பொட்டியைக் கட்டிக்கிட்டுக் கெளம்புன்னு சொல்லுவ."

"சொல்லமாட்டேன். அத்தை பக்கத்துல இருக்கிற வரைக்கும் சொல்லமாட்டேன். அத்தை இருக்காங்களா அங்க?"

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அண்ணி முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்கள் வீடுகளில் அந்த வார்த்தை புழக்கத்தில் கிடையாது. அவர் சொன்னது இதுதான்: "அடுப்பை அணைச்சிட்டு வா. புடவை மாத்திக்கோ. பஸ்ஸைப் புடிப்போம்."

"எங்க அண்ணி?"

"வேறெங்க? ராஜினாமா பண்ண."

பஸ்ஸில் முழு வழியும் என் கையைப் பிடித்தபடியே வந்தார். கோயிலில் பிராது வாபஸ் எழுதுகிற இடத்தில் கூட்டம். எங்கள் முறை வந்ததும் அங்கே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "காரியம் முடிஞ்சுதாம்மா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க. நல்லபடியா முடிஞ்சுது. நாந்தான் பிராதுல ஆளை மாத்தி எழுதிட்டேன். தோ, இந்தப் பொண்ணுதான். என் தம்பி சம்சாரம். ஒரு தப்பும் பண்ணல."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி குரலைத் தாழ்த்தவே இல்லை. தெருவுக்குக் கேட்க என்னைப் பழித்தவர், கோயிலுக்குக் கேட்க அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எழுதிக்கொண்டிருந்தவர் இப்போதுதான் நிமிர்ந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க மாத்தி எழுதினா என்னம்மா, சாமி ஆளை மாத்தமாட்டாரு. போய்க் கும்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

சந்நிதியில் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

அந்த வருடம் கைவிட்டுப் போன ஆர்டர் போனதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த கையோடு குளித்து, விளக்கேற்றி, நான் கண் எழுத உட்கார்ந்துவிட்டேன். அண்ணி ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் கொடுக்க, நான் எழுத எழுத, அவர் அடுக்க அடுக்க, கூடம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டது. அவர் கோணலாக எழுதி வைத்திருந்த தவில்காரரைத் திருத்தப் போனேன். "அது இருக்கட்டும். அது என் முழி. அன்னிக்கு நான் உன்னைப் பாத்த முழி" என்று வாங்கித் தனியே வைத்துக்கொண்டார். இன்றும் அவர் வீட்டு அலமாரியில் ஒரு தவில்காரர் வானத்தையும் பூமியையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பொம்மைகளை என் தம்பிதான் தன் வண்டியில் ஏற்றி வேப்பூருக்குக் கொண்டுபோனான். அங்கே ஹைவே ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வாசலில் அடுக்கிக்கொள்ள இடம் கொடுத்தார். சாப்பிட இறங்குகிற கார்க்காரர்கள் கை கழுவிவிட்டு வந்து குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். கொலு வருவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. வண்டியில் ஏறும்போது அண்ணி என் தம்பியைப் பார்த்து, "உன்னைத்தான் திருடன்னு நெனச்சேன்" என்றார். அவன் "அதுக்கென்ன, முன்சீட்டுல உக்காருங்க" என்றான். அடுத்த வருடம் அந்த வெளியூர்க் கடைக்காரரும் திரும்பி வந்தார்.

இப்போதும் அப்டேட் வரத்தான் வருகிறது. சில தடவை ஒன்றும் ஆவதில்லை. சில தடவை எழுத்து சிறுத்துவிடும், அல்லது கடைப் பக்கம் காணாமல் போகும். நாங்கள் இப்போது பயப்படுவதில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மகள் சொல்லிக் கொடுத்தபடி பழையபடி வைத்துவிடுவோம். முதலில் கடைப் பக்கம், அப்புறம் எழுத்து, கடைசியில் சத்தம். சத்தம் வருகிறதா என்று பார்க்க என் கணவரைக் கூப்பிட்டு அவர் போனிலிருந்து ஒரு பிள்ளையார் ஆர்டர் போடச் சொல்வோம். டிங் என்று அடித்ததும் அண்ணி, "வந்துட்டாரு பெரிய முதலாளி!" என்பார். இதுவரை அவர் கேட்ட பிள்ளையாரை எல்லாம் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் மனிதர்கள் இருக்க இடம் இருந்திருக்காது.

இந்தக் கதை தெருவில் வேறு மாதிரி உலாவுகிறது. நாத்தனார் சூழ்ச்சி செய்தார், கொளஞ்சியப்பர் அவரைத் தண்டித்தார், கம்ப்யூட்டர் வெடித்தது என்று பால்காரம்மா சொல்ல நானே கேட்டிருக்கிறேன். எதுவும் வெடிக்கவில்லை. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. பயந்துபோன ஒருவர் பக்கத்தில் இருந்தவளைச் சந்தேகப்பட்டார். உண்மை தெரிந்த அன்றைக்கே, உலை கொதிக்கிற நேரத்தில் பஸ் ஏறிப் போய், நாலு பேர் நடுவில் என் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். சந்தேகப்பட யாராலும் முடியும். அப்படித் திருப்பிக் கொடுக்க எத்தனை பேரால் முடியும் என்று, பீரோ கதவு திறக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கிற ஒவ்வொரு காலையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

படிக்கிற உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இதை யாரிடமாவது சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல், குறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முக்கியமாக, அவர் சத்தமாகப் பிராது கட்டியதைச் சொன்னால், அதைவிடச் சத்தமாக ராஜினாமா செய்ததையும் விடாமல் சொல்லுங்கள்.